ஐந்தாம் இயலின் தீர்ப்பு

வாக்காளரைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஏதாவது குறை சொன்னால் இப்போதெல்லாம் தயாராக ஒரு பதில் வருகிறது. ஆய்வாளர் யாரையும் நல்லவர், கெட்டவர் என்று சொல்வதில்லை. மக்கள் சொன்னதை எண்ணித் தருகிறார், அவ்வளவுதான் என்பது அந்தப் பதில். கருத்தரங்குகளில் பேராசிரியர்கள் இதை அடக்கத்தோடு சொல்கிறார்கள், கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆய்வேட்டைக் கையில் எடுத்து ஐந்தாம் இயலைத் திறந்தால் அந்த அடக்கத்தைக் காணோம். வாக்காளருக்கு விழிப்புணர்வு போதாது, ஏழை வாக்காளர் சிறு தொகைக்கு உரிமையை விற்றுவிடுகிறார், ஒழுக்கக் கல்வி வேண்டும், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று வரிசையாகத் தீர்ப்புகள். நான்கு இயல்கள் வரை வாயைத் திறக்காத நீதிபதி, கடைசி இயலில் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுகிறார்.

2009 ஜனவரியில் திருமங்கலம், 2017 ஏப்ரலில் ரத்தான ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் என்ற பணப்பட்டுவாடாக் கதைகளை வாசகருக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அவற்றுக்குப் பிறகு 'வாக்குக்குப் பணம்' என்பது அரசியல் அறிவியல் துறையையும் தாண்டி, பொது நிர்வாகம், சமூகப்பணி, வணிகவியல் துறைகளுக்கும் தலைப்பாகிவிட்டது. களத்துக்குச் சென்னையின் மேற்குப் புறநகர் வசதி. 2008 தொகுதி மறுசீரமைப்பில் வந்த அம்பத்தூரும் ஆவடியும், தனித்தொகுதியான பூந்தமல்லியும் நகரக் கல்லூரிகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரும் தூரம்தான். தொழிற்பேட்டைத் தொழிலாளி, டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பு, வாரியக் குடியிருப்பு, லிஃப்ட் வைத்த அடுக்ககம், இன்னும் மிச்சமிருக்கும் ஏரிக்கரைக் கிராமம் என்று மாதிரிக்கு எல்லா ரகமும் கிடைக்கும். மூன்றாம் இயலில் களத்தின் வரலாறு வரும். 1955 ஜனவரியில் நடந்த ஆவடி காங்கிரஸில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது என்ற தகவல் தவறாமல் அதில் இருக்கும். அடுத்த இயலிலேயே அந்த ஊர்க்காரரிடம் 'உங்களுக்கு அரசியல் விழிப்புணர்வு உண்டா?' என்று கேட்பார்கள்.

இந்த ஆய்வுகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குவது இந்த மாணவர்கள்தான். பாதிப் பேர் குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பத்திரிகைகள் தேர்தல் மறுநாள் மறந்துவிடும் தெருக்கள் இவர்களுடைய அட்டவணைகளிலாவது தங்குகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் வந்தபிறகு வரிக்கு வரி நகலெடுப்பதும் குறைந்திருக்கிறது. பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஐந்தாம் இயலின் தீர்ப்பு எங்கிருந்து நகலெடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்க மென்பொருள் எதுவும் இல்லை. என் ஆட்சேபம் அங்கேதான் இருக்கிறது. அது பழைய ஆட்சேபம். ஒவ்வொரு ஆய்வேட்டைப் படிக்கும்போதும் கொஞ்சம் கூடுகிறது.

ஆவடிப் பக்கம் ஒரு வாரியக் குடியிருப்பில் வினாத்தாள் நிரப்பப்படுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 'வாக்குக்குப் பணம் பெறுவது ஒழுக்கக்கேடான செயல்' என்பது வாக்கியம். அதற்குக் கீழே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். மாணவி வாசித்துக் காட்டினார். படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கறது தப்பான்னு கேக்கறியா, வாங்கிட்டு மாத்திப் போடறது தப்பான்னு கேக்கறியா?"

"பொதுவா சொல்லுங்கக்கா."

"பொதுவா எப்படிம்மா சொல்றது? எங்க பிளாக்குக்கு வந்ததுல பாதிய ஒருத்தன் அமுக்கிட்டான். அது தப்பு. மேல் வீட்டுப் பெரியம்மா ரெண்டு பக்கமும் வாங்கிச்சு, மாத்திரை வாங்கவே சரியாப் போச்சு. அதைப் போய் என்னன்னு சொல்றது? எதிர் வீட்டுல வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. குடுத்துட்டு, வாங்கினவங்கள ஒரு மாதிரியாப் பாக்கறாங்க பாரு, அது எனக்குப் புடிக்கல."

"அப்ப 'உடன்படுகிறேன்'னு போட்டுக்கவாக்கா?"

"போட்டுக்கோ."

ஒரு கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. அந்த அம்மா அரை நிமிடத்துக்குள் சொன்னவை எத்தனை தீர்ப்புகள் என்று பாருங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மாறுவது ஒரு ரகம். ஊருக்கு வந்ததை நடுவில் நின்று சுருட்டுவது இன்னொரு ரகம். அது முன்னதைவிட மோசம். தேவைக்கு வாங்கியவரைத் தீர்ப்பிடத் தயக்கம். தான் வாங்கவில்லை என்பதை வைத்து அடுத்தவரை இளக்காரமாகப் பார்ப்பதன்மேல் கோபம். பிறரை அறத்தராசில் நிறுப்பது என்பது இதுதான், ஜனநாயகத்தில் ஒவ்வொரு தெருவிலும் தினமும் நடப்பது. ஆய்வின் தலைப்பும் இதுவே. வினாத்தாள் அதை உள்ளே விடவில்லை. நான்காம் இயலில் அந்த அம்மா விழுக்காட்டின் ஒரு துளி. ஐந்தாம் இயலில் அவருக்கு விழிப்புணர்வு முகாம் பரிந்துரை.

கட்டங்களை வைத்துக்கொண்டே இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். நிகராகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஆய்வாளர் கொன்சாலெஸ் ஒக்காந்தோஸும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாக்குக்காக ஏதாவது தர வந்தார்களா என்று நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்கு 2 பேர்தான் ஆம் என்றார்கள். பதில் சொல்பவர் தன்னைக் காட்டிக்கொள்ளத் தேவையில்லாத வகையில், ஒரு பட்டியலுக்குள் அந்தக் கேள்வியை ஒளித்துக் கேட்டபோது மதிப்பீடு 24ஆக உயர்ந்தது. அந்தக் குழுவினர் சில ஆண்டுகள் கழித்து லத்தீன் அமெரிக்க நாடுகளில் இன்னொரு கேள்வியை வைத்தார்கள். வாக்கை விற்றதாக ஒரு கற்பனை மனிதரைச் சொல்லி, அவரை ஏழையாகவும் வசதியானவராகவும், முன்பே அந்தக் கட்சியின்மேல் சாய்வுள்ளவராகவும் இல்லாதவராகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மக்களின் கண்டனமும் அதற்கேற்ப ஏறி இறங்கியது. நம் ஆய்வேடுகள் மட்டும் 'பொதுவா சொல்லுங்கக்கா'வில் நிற்கின்றன.

அளவுகோலைத் திருத்திவிட்டால் சரியாகிவிடும் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நுட்பமான வினாத்தாளை வைத்தாலும் ஐந்தாம் இயலின் தீர்ப்பு அதிலிருந்து பிறக்காது. பெரும்பாலோர் 'தவறு' என்கிறார்கள், பெரும்பாலோர் வாங்கியும் இருக்கிறார்கள் என்று அட்டவணை காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இதிலிருந்து ஆய்வாளர் 'வாக்காளர் இரட்டை வேடம் போடுகிறார்' என்ற முடிவுக்குத் தாவுகிறார். வாங்குவது ஏன் தவறு, யாருக்குச் செய்த தவறு, எவ்வளவு பெரிய தவறு என்ற கேள்விகள் ஓரிடத்திலும் எழவில்லை. அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்க்லார் 1984இல் எழுதிய 'ஆர்டினரி வைசஸ்' நூலில் இந்தக் குறுக்குவழியை அடையாளம் காட்டியிருக்கிறார். எதிராளியின் கொள்கை தவறு என்று நிறுவுவது கடினம். அவர் சொல்வதொன்று செய்வதொன்று என்று காட்டுவது எளிது. அதனால் ஜனநாயக அரசியலில் எல்லோரும் போலித்தனத்தைத்தான் வேட்டையாடுகிறார்கள் என்கிறார். மேடைப் பேச்சாளருக்கு அது போதும். முனைவர் பட்டம் கேட்பவருக்கு?

சிலர் சட்டத்தைக் காட்டுவார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 171பி பிரிவு சொன்னது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வேடு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிட்டு, அறத்தைப் பற்றிய வேலை அதோடு முடிந்தது என்று நினைக்கிறது. சட்டம் எதைத் தண்டிக்கிறது என்பதை வழக்கறிஞரே சொல்லிவிடுவார்.

இதற்கு எதிர்முனையில் ஒரு புது மோஸ்தரும் வந்திருக்கிறது. மும்பைத் தேர்தலில் பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கிட்ட நின்று கவனித்து ஆய்வாளர் லிசா பியோர்க்மன் 2014இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அந்தப் பணத்தை வாக்கின் விலை என்று கொள்ள முடியாது, அது உறவுகளையும் நம்பகத்தையும் காட்டும் ஒன்று என்பது அவர் வாதம். கவனித்து எழுதியவர், மதிக்கிறேன். ஆனால் இங்கே அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு: மக்களின் வழக்கத்தை நாம் யார் தீர்ப்பிட? கேட்க இதமாக இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவோ தயங்காமல் தீர்ப்பிட்டார், காரணமும் சொன்னார். அவரோடு வாதாடாமல் 'இது உங்கள் பண்பாடு' என்று தலையைத் தடவிவிட்டுப் போவதில் எனக்கு மரியாதை தெரியவில்லை. தீர்ப்பிடலாம், தீர்ப்பிட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. காரணத்தை எழுதிவிட்டுத் தீர்ப்பிடுங்கள் என்கிறேன்.

காரணம் எழுதுவதால் என்ன ஆகும் என்பதற்குப் பூந்தமல்லியிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அங்குள்ள தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒவ்வொருவருக்கும் ஏன் என்று எழுதியிருந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்த்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. கொடிய தீர்ப்பு, ஆனாலும் எழுதியிருந்ததால் மறுக்க முடிந்தது. அதே ஊரில் வினாத்தாள் நிரப்பிய வாக்காளர் தன்மேல் விழுந்த 'ஒழுக்கக்கேடு' என்ற தீர்ப்பை எங்கே போய் மறுப்பார்? எந்த வரியைக் காட்டி மறுப்பார்?

காரணம் தேடத் தொடங்கினால் ஆய்வின் திசையே மாறிவிடும் என்பது என் எண்ணம். யாருக்குச் செய்த தவறு என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'ஜனநாயகத்துக்கு' என்பது மேடைப் பதில். தெருவில் கேட்டால், செலவு பண்ணினவன் எடுக்கத்தானே பார்ப்பான் என்பார்கள். வரைபட அனுமதியில், கழிவுநீர் இணைப்பில், ரோட்டு கான்ட்ராக்டில் எடுப்பான் என்பது தெருவின் கணக்கு. அது சரியென்றால், எடுக்கப்படுவது வாங்கியவரிடமிருந்து மட்டுமா? திருப்பிக் கொடுத்த எதிர் வீட்டாரிடமிருந்தும் எடுப்பான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டு பட்டரைவாக்கத்தில் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாக்காரர் தலையிலும் வாடகை வழியாக வந்து விழும். வாக்கு ஊரில் இருப்பதால் அவர்களில் பலருக்குப் பணக் கவரும் வராது, கவுன்சிலரைக் கேள்வி கேட்கும் உரிமையும் கிடையாது. வாங்குவது தவறு என்றால் அந்தப் பக்கத்து அறைக்காரருக்குச் செய்த தவறு என்று வாதிடலாம். வாதத்தில் ஓட்டை இருக்கலாம், மறுப்பவர் மறுக்கட்டும். நான் படித்த ஆய்வேடுகளில் இந்த அறைகளின் கதவைத் தட்டியவர் எவரும் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால், பட்டியலில் இல்லாதவருக்குச் செய்த தவறு எப்படிக் கண்ணில் படும்?

கதவு தட்டப்படாத இன்னொரு வரிசையும் உண்டு. அடுக்ககத்து நலச்சங்கம் தேர்தலுக்கு முன் வேட்பாளரை அழைத்து, சாலையும் கேமராவும் கேட்டு, வாக்குகள் மொத்தமாக வரும் என்று சொல்லி அனுப்பினால் அதற்குப் பெயர் 'கோரிக்கை'. கம்பெனி தேர்தல் பத்திரம் வாங்கியபோது, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாது என்று சொல்லும்வரை, அதற்குப் பெயர் 'நன்கொடை'. வாரியக் குடியிருப்பில் மட்டும் அது ஒழுக்கக்கேடு. அடுக்ககத்தில் காவலாளி உள்ளே விடமாட்டார், கம்பெனியில் வரவேற்பறையைத் தாண்ட முடியாது. படிக்கட்டில் கீரை ஆய்பவர்தான் கைக்கு எட்டுகிறார். எட்டியவரை நிறுத்து எட்டாதவரை விட்டுவிடும் இந்த ஆய்வுகள், கட்சியின் வட்டச் செயலாளர் செய்யும் கணக்கெடுப்பிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவை என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காவது யார் எதற்கு வாங்கினார்கள் என்பது தெரிந்திருக்கும்.

இது கடுமையான பேச்சு என்று நெறியாளர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். பொது வாய்மொழித் தேர்வில் அவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். மாதிரி அளவு ஏன் இவ்வளவு? கை-ஸ்கொயர் ஏன், வேறு சோதனை ஏன் இல்லை? மேற்கோள் முறை சீராக இல்லையே? எல்லாம் முறையான கேள்விகள்தான், மாணவரும் பதில் தயாரித்து வந்திருப்பார். பிறகு சால்வை, குரூப் போட்டோ, மதியச் சாப்பாடு. பக்கம் இத்தனையில் ஒரு மனிதரை ஒழுக்கம் கெட்டவர் என்கிறீர்களே, எந்த வாதத்தின்மேல் சொல்கிறீர்கள் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மானியக் குழுவின் 2022 விதிகளுக்குப் பிறகு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. வெளியார் கண்ணில் படும் கடைசி வாசலும் அதோடு பாதி மூடியது. ஆய்வேடு நேராக சோத்கங்கா களஞ்சியத்தில் போய்ச் சேர்கிறது; அங்கே அதை எடுத்துப் படிப்பவர் பெரும்பாலும் அதே தலைப்பில் அடுத்த ஆய்வேடு எழுதப்போகும் மாணவர். ஆகவே ஐந்தாம் இயலின் தீர்ப்பைக் கேள்வி கேட்கக்கூடியவர் புறத்தேர்வாளர் ஒருவர்தான். அவர் கேட்பதில்லை. கேட்டால் அவருடைய ஆய்வேட்டின் ஐந்தாம் இயலையும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.