ஓடியதா, ஓட்டினோமா?

நான் எழுதியதிலேயே மோசமான ஆங்கில வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு அறிக்கைக்காக எழுதியது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இரவு 11.40க்கு, பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்க்ரிப்ட் வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸில் ஓடியது. சோதனைக்கென்று வைத்திருந்த டேட்டாபேஸில் ஓட வேண்டியது அது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க விடிந்துவிட்டது. அந்த வாக்கியத்தில் நான் போட்ட வினைச்சொல் 'ரன்'.

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தங்கள் கொண்ட வினைச்சொல் என்ற பெயர் இப்போது அதற்குத்தான். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த இடம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 430 அர்த்தங்கள். மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' அதைத் தாண்டிப் போனது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்கள். அந்த ஒரு சொல்லுக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் உழைத்திருக்கிறார்.

இந்தச் செய்தியை வைத்து சைமன் வின்செஸ்டர் 2011இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி உருவான கதையைப் புத்தகமாக எழுதியவர். 'செட்' அசையாமல் உட்கார்ந்திருக்கும் சொல், 'ரன்' பரபரப்பான சொல், நம் காலம் பரபரப்பானது, எனவே 'ரன்' ஜெயித்தது என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில் சில வினைச்சொற்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். எங்கே வேண்டுமானாலும் வரும், எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும், பிடித்து நிறுத்தி விளக்கம் எழுத முடியாது. அப்படி அவர் தரும் பட்டியலில் 'செட்'டும் இருக்கிறது, 'ரன்'னும் இருக்கிறது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கியது அதற்கு 14 ஆண்டுகள் கழித்து, 1769இல். ரயிலும் மில்லும் கம்ப்யூட்டரும் 'ரன்'னுக்குப் புது அர்த்தங்களைச் சேர்த்தன என்பது உண்மை. ஆனால் அவை வருவதற்கு முன்பே அது பிடிகொடுக்காத சொல்லாக இருந்திருக்கிறது. இயந்திரங்கள் எல்லாம் வந்து ஏன் இந்தச் சொல்லில் ஏறிக்கொண்டன என்ற கேள்விக்கு வின்செஸ்டரிடம் பதில் இல்லை.

ஒத்த சொற்களைப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட தெசாரஸிலிருந்து இன்றைய கைபேசி அகராதிகள் வரை, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைத் தேடுகிறவர்களுக்கு நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டியலை எடுத்து, 'ரன்'னுக்கு நிகரான சொற்களை நான் இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம்: ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, பேருந்து ஓடுவது, ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீள்வது. இன்னொரு பக்கம்: ஹோட்டல் நடத்துவது, துப்பாக்கி கடத்துவது, பத்திரிகை ஒரு செய்தியைப் போடுவது, இயந்திரத்தை இயக்குவது. முதல் பத்தியில் காரியம் தானாக நடக்கிறது. இரண்டாவதில் அதை நடத்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஒத்த சொற்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பத்தியில்தான் உட்காரும். 'ரன்' மட்டும் இரண்டிலும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு இது எட்டாம் வகுப்பு இலக்கணம். தன்வினை, பிறவினை. ஓடு, ஓட்டு. உருகு, உருக்கு. வீழ், வீழ்த்து.

ஆங்கிலத்திலும் இந்த ஜோடி இருந்தது என்பதுதான் சுவாரசியம். இன்றைய 'ரன்' உண்மையில் இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகக் கலந்தது. ரின்னன் என்றால் ஓடுதல், வழிதல். ஏர்னன் என்பது அதன் பிறவினை வழியில் வந்தது. குதிரையை ஓட்டிச் செல்வதற்கான சொல். நூற்றாண்டுகளில் தேய்ந்து இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. வேறு சில ஜோடிகள் பிழைத்துக்கொண்டன. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. 'சிட்' என்றால் உட்கார். அதன் பிறவினைதான் 'செட்', உட்கார வை. ஆக, முன்பு முதலிடத்தில் இருந்த 'செட்' பிறந்ததே பிறவினையாக. அதன் இடத்தைப் பிடித்த 'ரன்'னோ, ஓடுவது யார், ஓட்டுவது யார் என்ற வேறுபாட்டைத் தொலைத்துவிட்ட சொல். என் கணக்கில் அது ஜெயித்ததற்குப் பரபரப்பைவிட இது நல்ல காரணம். ஓட்டுகிறவரைச் சொல்லவும் செய்யலாம், சத்தமில்லாமல் விட்டுவிடவும் செய்யலாம். ஒரு யுகமே இயந்திரங்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கும்போது, இதைவிட வசதியான சொல் கிடைக்குமா?

உடனே தமிழ் நேர்மையான மொழி, ஆங்கிலம் கள்ள மொழி என்று யாரும் கைதட்ட வேண்டாம். கடை ஓடுது, படம் ஓடுது, ஃபேன் ஓடுது, பொழப்பு ஓடுது என்று நாமும் ஆளை மறைப்போம். ஆனால் மறைத்தால் மாட்டிக்கொள்வோம். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டு, "உடைஞ்சு போச்சும்மா" என்று சொல்லிப் பாருங்கள். "உடைஞ்சுதா, உடைச்சியா?" என்று அடுத்த நொடியே வரும். ஒரே ஒரு எழுத்தில் விசாரணை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த அம்மா இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டும், ஏனென்றால் அங்கே உடைந்ததும் உடைத்ததும் ஒரே சொல்தான்.

ஆங்கில வினையைக் கடன் வாங்கும்போதும் நாம் இதை விடுவதில்லை. எங்கள் டீமில் யாரும் ஸ்க்ரிப்ட் ஓடுகிறது என்று சொல்ல மாட்டார்கள். "ரன் ஆகுது" அல்லது "ரன் பண்றேன்". தங்கிலீஷ் என்று பலர் முகம் சுளிக்கும் பேச்சு இது. ஆங்கிலம் தொலைத்த தன்வினையையும் பிறவினையையும் அந்த 'ஆகு'வும் 'பண்ணு'வும் கொண்டுவந்து திரும்ப ஒட்டுகின்றன. நாங்கள் யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மொழி கேட்கிறது, வாய் கொடுக்கிறது.

இப்போது என் வாக்கியத்துக்கு வருகிறேன்.

எங்கள் துறையில் இப்படிப்பட்ட அறிக்கைகளில் யார் மேலும் பழி போடக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. நல்ல மரபு, ஆளைத் தேடினால் எல்லோரும் உண்மையை மறைப்பார்கள். அதனால் "ஸ்க்ரிப்ட் ஓடியது" என்று நான் எழுதியதில் யாருக்கும் குறை தெரியவில்லை. மூன்றாம் நாள் என் டீமில் இருந்த ஜூனியர் பையன் போன் செய்தான். அவனைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்தது.

"அண்ணா, ரிப்போர்ட்ல ஸ்க்ரிப்ட் ரன் ஆச்சுன்னு இருக்கு. லாக்ல நான் ரன் பண்ணினேன்னு இருக்கு. நீங்க பண்ணச் சொன்னது எங்கயுமே இல்லையேண்ணா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிரவு, "சீக்கிரம் ஓட்டிட்டுப் படுப்பா, நான் செக் பண்ணிட்டேன்" என்று போனில் சொன்னது நான். செக் பண்ணவில்லை. ஓடியது, ஓட்டினான், ஓட்டச் சொன்னேன்: தமிழில் மூன்று படிகள். ஆங்கிலத்தில் முதல் படியிலேயே நின்றுகொள்ள எனக்கு ஒரு சொல் இடம் கொடுத்தது. ஆனால் சொல்லைக் குற்றம் சொல்வதும் அதே தந்திரம்தான். அதே ஆங்கிலத்தில் என் பெயரை எழுவாயாகப் போட்டு எழுத எந்த இலக்கணமும் தடுக்கவில்லை. 645 அர்த்தங்களில் எனக்குத் தோதானதை நான்தான் எடுத்தேன்.

அன்று மாலையே திருத்தி எழுதினேன். நான் சரிபார்க்காமல் ஓட்டச் சொன்னேன், அவர் ஓட்டினார் என்று இரண்டு வினைகளும் இரண்டு ஆட்களுமாக ஒரு வாக்கியம். திருத்திய அறிக்கையை மேலே அனுப்பினேன். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது முதல் அறிக்கையைத்தான். அவன் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தான்.