வடக்கிருத்தலும் இறுதிக்காலக் கூற்றுரிமையும்

தீராப் பிணியுற்றோர் மருத்துவத்தை மறுக்கலாமோ என்னும் வினா எழுந்தபோதெல்லாம், தமிழ் எழுதுவோர் சிலர் புறநானூற்று வடக்கிருத்தலை முன்சான்றாகக் காட்டுகின்றனர். அச்சான்று எத்துணைப் பொருந்தும் என்பதனை, நீலகிரிப் படகர்தம் இறப்புச் சடங்குகளோடு ஒப்பவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கிருந்தோர் பிணியாளர் அல்லர். கோப்பெருஞ்சோழன் மக்களொடு நேர்ந்த பகையாலும், சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணின் நாணத்தாலும் உண்ணாது உயிர் துறந்தனர். சாவு அவர்களைத் தேடி வரவில்லை; அவர்களே அதனைத் தேடிச் சென்றனர். சாவு வந்து நிற்க, செயற்கை மூச்சுக் கருவி வேண்டா என்பான் நிலை முற்றும் வேறு. காரணம் பற்றி ஒப்புமை காண்டல் பொருந்தாது.

எனினும், ஒப்புமைக்குரிய கூறு ஒன்று உண்டு. 214, 215, 216 ஆம் பாட்டுகள் சோழனே பாடியவை. உயிர் துறப்போன் தன் முடிவைத் தானே உரைக்கின்றான். 'இது யார் கூற்று' என்பது அகப்பாட்டிற்கு உரை காண்பார் எழுப்பும் முதல் வினா. அவ்வினாவே சாக்காட்டிற்கும் முதல் வினாவாதல் வேண்டும்.

இனி, படகர் வழக்கினை நோக்குவோம். உயிர் பிரியும் நிலையிலுள்ளார்க்கு 'வீரராய பணம்' என்னும் சிறு பொற்காசினை நெய்யில் அல்லது வெண்ணெயில் தோய்த்து விழுங்கத் தருவர். விழுங்கும் ஆற்றல் இல்லையேல் அதனைக் கையிற் கட்டுவர் என்று தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். இறந்த பின்னரோ, மூத்தோர் ஒருவர் இறந்தார்தம் பாவங்களாக ஒரு நெடுநிரலை ஓத, கூடியோர் அவை நீங்குக என்னும் கருத்துப்பட எதிரொலிப்பர். இவ்வோதலை 1871 இலேயே கோவர் தம் நாட்டுப்பாடல் தொகுப்பில் ஆங்கிலத்தில் தந்தனர்.

இவ்விரண்டிற்கும் இடையே ஓர் எல்லை உளது. பிறர் கூற்று இறப்பின் பின்னரே தொடங்குகின்றது. அதற்கு முன்னர்ச் சுற்றத்தார் செய்வது சாவு அணுகியதை ஒப்புக்கொள்ளுதல் மட்டுமே. அவர்கள் அதனை விரைவுபடுத்துவதும் இல்லை, இல்லையென மறைப்பதும் இல்லை. சடங்கினை நிகழ்த்துவோர் இங்ஙனம் விளக்குவர் என்பது எம் கருத்தன்று. சடங்கின் அமைப்பு இப்பொருளைத் தருகின்றது என்பதே யாம் கூறுவது.

தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' எனப்படும் கொடுஞ்செயல் இவ்வெல்லையை மீறுவதாகும். முதியோரை எண்ணெய் முழுக்காட்டி இளநீர் பருகச் செய்து சாவை வருவிப்போர் அவர்தம் கூற்றினைக் கேட்பதில்லை. 2020 இல் திரைக்கு வந்த 'பாரம்' இதனைப் பொருளாகக் கொண்டது. இதனையும், சோழன் துறவினையும், மருத்துவ மறுப்பினையும் 'கருணைக்கொலை' என்னும் ஒரு சொல்லால் வழங்குதல் திறனாய்வுப் பிழை மட்டுமன்று. உயிர்க்கு ஊறு செய்யும் பிழையுமாம்.

உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மாண்புடன் இறத்தல் அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவில் அடங்கும் உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஒருவர் தெளிந்த அறிவோடிருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதி வைக்கலாம். 2023 சனவரியில் அந்நெறி எளிதாக்கப்பட்டது: சாட்சிகள் இருவர் முன்னிலையில் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் உறுதி பெற்றாற் போதும். மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆராய்ந்த பின்னரே கருவி நீக்கப்படும். மருந்து செலுத்தி உயிர் போக்குதற்கு அத்தீர்ப்பு இடந்தரவில்லை. ஆகவே, சட்டமும் காக்க முனைவது நோயாளியின் கூற்றினையே.

ஆயின் அக்கூற்று எழுத்தில் அமைதல் வேண்டும் என்கிறது சட்டம். படகமும் தோதவமும் கோத்தமும் நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கியவை. 1964 உடன்படிக்கையின்படி இலங்கையினின்று வந்து இம்மலைத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறிய தமிழருள்ளும் எழுத்தறியா முதியோர் உளர். அவர்தம் வாய்ச்சொல்லைப் பிறர் எழுதும்போது, எழுதுவோன் கூற்றாக அது திரிதல் கூடும். பாடபேதங்களை ஆராய்ந்து பழகிய நமக்கு இவ்விடர் புதிதன்று. முதியோர் சொல்லை அவர் மொழியிலேயே கேட்டுப் பதிந்து, பொருள் பிறழாது பெயர்த்துத் தருதல் தமிழாய்வோர்க்கும் உரிய கடமையாம்.

தமிழிற் 'கூற்று' என்னும் சொல் மொழிதலையும் குறிக்கும். உயிர் கொள்ளும் காலனையும் குறிக்கும். பின்னது வருமுன் முன்னது எவருடையது எனத் தெளிதலே இவ்வாய்வின் முடிபு.