பாசி விரித்த பெத்லகேம்

பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்றொரு ஊர். 1741 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மொரேவியத் திருச்சபையார் வைத்த பெயர். அங்கே பழைய தலைமுறையினர் டிசம்பரில் வீட்டுக்குள் ‘புட்ஸ்’ ஜோடித்தார்கள். நம்மூர்க் குடில்தான், ஆனால் தொழுவத்தோடு நிற்காது. காட்டிலிருந்து பெயர்த்து வந்த பாசியை விரித்து, மரவேர்களை மலையாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கரையில் ஆடுகளை மேயவிடுவார்கள். ஊரார் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். அப்பளத்தைவிட மெல்லிய மசாலா பிஸ்கட்டும் கிடைக்கும்.

ஆலயத்தில் பன்னும் காபியுமாக அன்பின் விருந்து. பிறகு ஆளுக்கொரு தேன்மெழுகுவத்தி, அடியில் சிவப்புக் காகிதக் கொசுவம். எனக்குப் பிடித்ததே இந்தக் காகிதம்தான். வெறும் ஜோடனை என்று தோன்றும். உருகி வழியும் மெழுகைத் தாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் விரல் சுடாமல் காப்பதும் அதுதான்.