உப்பமைந்த ஊடல்: வானொலித் தம்பதியர்

காரைக்கால் பக்கத்து நெடுங்காடு மருத நிலம். வயலும் வாய்க்காலுமான இத்தகைய ஊர்களுக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் ஊடல். கணவன் மனைவி பிணக்கு உணவில் உப்பைப் போல அளவோடு அமைய வேண்டும் என்றார் வள்ளுவர். அமெரிக்க வானொலியின் தம்பதி நகைச்சுவையையும் நம் இணைகளையும் நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல தராசு இல்லை.

அமெரிக்கப் பாணிகளில் தலையாயது ஜார்ஜ் பர்ன்ஸ் - கிரேசி ஆலன் இணை. மேடையில் சேர்ந்த புதிதில் சிரிக்க வைக்கும் வேலை பர்ன்ஸுடையது. கிரேசி கேள்வி கேட்பவர். சபையோ அவருடைய கேள்விகளுக்கே சிரித்தது. பர்ன்ஸ் தயங்காமல் இடத்தை மாற்றிக்கொண்டார். 1926இல் இருவரும் மணந்தார்கள். ஆனாலும் வானொலியில் நெடுங்காலம் மணமாகாதவர்களாகவே பேசினார்கள். நேயர் கூட்டம் குறைந்ததும், 1940களின் தொடக்கத்தில், பர்ன்ஸ் நிகழ்ச்சியிலும் தங்களைத் தம்பதியாக்கினார். நிகழ்ச்சி மறுபடி தழைத்தது. கிரேசியின் நியாயம் ஊருக்குக் கோணல், அவருக்கு நேர். அவரை முட்டாளாக்காமல் ரசித்த கணவனின் குரல்தான் அந்தச் சிரிப்பைத் தாங்கியது.

1935இல் தொடங்கிய 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மோலி'யில் நடித்த ஜோர்டன் இணையும் வாழ்விலும் தம்பதியர். மெக்கீ அலமாரியைத் திறந்தால் சாமான்கள் சரிந்து விழும் ஓசை வெகுநேரம் கேட்கும். கண்ணால் பார்த்திருந்தால் அதில் பாதிச் சிரிப்பு போயிருக்கும். 1946இல் வந்த 'பிக்கர்சன்ஸ்' வேறு வகை: நடுநிசியில் குறட்டை விடும் கணவனை எழுப்பி மனைவி தொடங்கும் சண்டை. பிலிப் ராப்பின் எழுத்து கூர்மையானது, ஆனால் உப்பு கரிக்கிறது.

நம் பக்கம் என்.எஸ். கிருஷ்ணன் - டி.ஏ. மதுரம் இணைக்கு நிகர் இல்லை. 'வசந்தசேனா' (1936) படத்தில் தொடங்கிய சேர்க்கை அது. படம் பார்க்க வாய்க்காதவர்களும் இசைத்தட்டிலும் வானொலி ஒலிச்சித்திரத்திலும் அவர்களைக் கேட்டார்கள். மதுரம் மடக்குவார், கலைவாணர் கிருஷ்ணன் மகிழ்ந்து தோற்பார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கணவர் சிறைப்பட்டபோது லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கைக் கொண்டுபோக உறுதியாக நின்றவர் மதுரம். 1947இல் விடுதலை கிடைத்தது. இதை அறிந்து கேட்டால் அந்தக் கேலியின் அடியில் ஓடும் அன்பு நன்றாகவே கேட்கும். காளி என். ரத்னம் - சி.டி. ராஜகாந்தம் பாணி இன்னும் உரத்தது, தெருவுக்கே கேட்கும்; 'சபாபதி' (1941) அதற்குச் சான்று.

கடல் கடந்து வந்த இலங்கை வானொலி வேறொன்றைக் காட்டியது. நாடகக் கலைஞர் சானாவின் 'லண்டன் கந்தையா' யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. பேச்சு மெருகேறி ஊரை இழந்தால் வீடும் பொய்யாகிவிடும். என் அளவுகோலில் உப்புக்கு அடுத்தபடி இதுதான்.

மறுபடி அமெரிக்க வானொலிக்கு வந்தால், 'ஈதல் அண்ட் ஆல்பர்ட்' தொடரை எழுதி, அதில் மனைவியாகவும் நடித்தவர் பெக் லிஞ்ச் என்ற பெண். அதில் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது, வீட்டின் சில்லறை விவகாரங்கள்தாம். காரைக்கால் வானொலியில் அப்படியொரு தொடர் வர வேண்டும். எழுதுபவர் நெடுங்காட்டுப் பக்கத்துப் பெண்ணாக இருக்கட்டும். நடவுக்கூலியும் முறைத்தண்ணீரும் மாமியார் வருகையும் அவருக்குத் தெரியும், எந்த இடத்தில் கணவன் வாயடைத்துப் போவான் என்பதும் தெரியும்.