கலாயோகியின் கண்டிப் பயணங்கள்: பெற்றதும் கொடுத்ததும்

பயணம் கலையுள்ளத்திற்கு ஊக்கமளிக்கும் என்பது யாவரும் ஏற்கும் கருத்தாகும். ஆயின், அவ்வூக்கத்தை வழங்கிய மக்கள் மீளப் பெற்றது யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆனந்த குமாரசுவாமியின் (1877–1947) கண்டிப் பயணங்களை இவ்வினாவை முன்வைத்து நோக்குதல் வேண்டும்.

1903 ஆம் ஆண்டுமுதல் சில ஆண்டுகள் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக விளங்கிய அவர், பாறைகளை ஆராயச் சென்ற மலைக்கிராமங்களிலே கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர் ஆகியோரைக் கண்டார், அவர்களிடம் கற்றார். துணைவி எதெல் அவர்தம் தொழில்களைப் புகைப்படங்களாக்கினார். பிற்காலத்தில் எதெல் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளரானமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. இப்பயணங்களின் பயனே 1908 இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல்.

கலையை அதனைப் படைத்தோரின் சமூக நிலையோடு இணைத்து ஆராய்ந்தமையே அந்நூலின் தலையாய சிறப்பு. அரசன் தொழிலுக்கு ஈடாக நிலம் வழங்கிய அமைப்பு கைவினைஞனின் வாழ்வுக்கு உறுதியளித்தது என்பதையும், 1815 இல் கண்டியரசு வீழ்ந்தபின் அவ்வாதரவு தளர்ந்தது என்பதையும் அவர் தெளிவுறக் காட்டினார். எனினும், அவ்வுறுதியின் மறுபக்கம் சாதிவழிக் கட்டாய ஊழியமே என்பதை அவர் போதிய அளவு அழுத்திக் கூறினாரல்லர். பழைமையின் ஒழுங்கில் அவர் கொண்ட ஈடுபாடு அதன் ஒடுக்குமுறையை மறைத்துவிடுகின்றது. அதே மலைகளிலே தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் அவர் நூலின் எல்லைக்கு அப்பாலே நின்றுவிட்டது.

அவ்வாறாயின் அவர் கொடுத்தது யாது? வெறுங் கைத்தொழில் என ஆட்சியாளர் எண்ணியதைக் கலையென நிறுவி, கைவினைஞனுக்கு மதிப்பினை மீட்டளித்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கலையை இத்துணை அன்போடு ஆவணப்படுத்தியமை, இனப்பகைமையால் பெரிதும் சிதைந்த இந்நாட்டில் சிறிய கொடையன்று. ஆயினும், வில்லியம் மொரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலே 425 படிகள் மட்டும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட அந்நூல், அதற்குப் பொருளாயமைந்த கிராமத்தவரின் கைக்கு எட்டக்கூடியதாக இருக்கவில்லை. சமவுடைமைவாதியான மொரிசிடமிருந்து அழகின்மீதான பற்றைப் பெற்ற குமாரசுவாமி, உழைப்போர் விடுதலை பற்றிய அவரது சிந்தனையை அதே அளவிற்கு உட்கொள்ளவில்லை என்றே கூறத்தோன்றுகின்றது.

எனவே, அவரது வள்ளன்மையைப் போற்றும் நாம் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். எம்பக்கைத் தேவாலயத் தூண்களை வியந்து திரும்பும் இன்றைய ஆய்வாளர், இன்று மரஞ்செதுக்குவோரின் கூலியையும் வாழ்வையும் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்வாராயின், அவர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.