லாரிப் படுதாக் கடையில் வாங்கிய ஆனிங்: துணியைவிடத் தையலைப் பாருங்கள்

மேற்குப் பார்த்த பால்கனிக்கு மடக்கும் ஆனிங் வேண்டுமென்றால் ஆன்லைனில் பெட்டியாக வரவழைக்கலாம். அல்லது, தலைமுறையாகப் படுதா தைக்கும் உள்ளூர்க் கடையில் அளவு கொடுத்துச் செய்யலாம். நான் தேர்ந்தது சேலத்தில் லாரிப் படுதாவிலேயே கைபழகிய ஒரு பழைய கடையை. அவர்களிடம் ஏற்கெனவே ஆனிங் போட்டவர்களின் வாசல்களில் நின்று அண்ணாந்து பார்த்து, நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

பத்தடி அகலம், கைப்பிடியைச் சுற்றினால் ஐந்தடி வெளியே நீள்கிறது. துணி அக்ரிலிக். இழையாக உருவாகும்போதே நிறம் கலந்துவிடும் வகை. அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் 1961-ல் சன்பிரெல்லா என்ற பெயரில் கொண்டுவந்ததும் இந்த வகைதான். நிறம் இழைக்குள்ளேயே இருப்பதால் சீக்கிரம் வெளுக்காது. பிவிசி பூசிய துணி விலை குறைவு, மழையை முழுதாகத் தடுக்கும். ஆனால் அதன் கீழே புழுங்கும். வெயிலுக்காக வாங்குபவர்கள் அக்ரிலிக்கையே கேளுங்கள்.

வெயிலில் இதன் வேலை அருமை. பிற்பகலில் கால் வைக்க முடியாமல் கொதித்த பால்கனித் தரையில் இப்போது நாற்காலி போட்டு உட்கார முடிகிறது. உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகே தடுக்கிறது. ஆனிங் அதை வெளியிலேயே மறித்துவிடுகிறது. மேற்கு ஜன்னலில் சூரிய வெப்ப வரவு 77 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு.

பழைய வாடிக்கையாளர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு டீக்கடைக்காரரின் பேச்சு. "துணிக்கு ஒண்ணும் ஆகலீங்க, தையல்தான் விட்டுப்போச்சு," என்றார். உண்மைதான். சாதாரண பாலியெஸ்டர் நூல் வெயிலில் துணிக்கு முன்பே இற்றுப்போகும். பிடிஎஃப்இ நூல் வெயிலுக்கு அசையாது, விலை அதிகம். கேட்டால்தான் இந்தக் கடையில் வரவழைத்துப் போடுகிறார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், கோடை தொடங்கிவிட்டால் சொன்ன தேதிக்கு வேலை முடியாது என்று குறைபட்டார். ஆனால் பிரிந்த தையலை ஆள் அனுப்பிக் கழற்றிப்போய்த் தைத்துத் தந்ததை இருவருமே சொன்னார்கள். பெட்டியில் வரும் ஆனிங்குக்கு இந்த வசதி கிடையாது.

குறை காற்றில் இருக்கிறது. ஐரோப்பியத் தர விதியான இஎன் 13561, ஆனிங்குகளைக் காற்றுத் தாங்கும் திறனுக்கேற்ப வகுக்கிறது. இரண்டாம் வகுப்பு என்றால் மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர் வேகக் காற்று. நம் கடைக்காரரிடம் அப்படி எந்த எண்ணும் இல்லை. "காத்து வந்தா சுருட்டி வெச்சுருங்க" என்பதே அவர் தரும் உத்தரவாதம். சித்திரை மாத மாலை மழை சூறைக்காற்றோடுதான் வரும் என்பதால், வீட்டில் ஆள் இல்லாதபோது விரித்துவைக்கவே கூடாது. சரிவும் முதலில் போதவில்லை, நடுவில் தண்ணீர் தேங்கியது. 14 டிகிரியாவது சாய்க்கச் சொன்னதும் ஆனிங்கின் மடக்குக் கையை இறக்கிச் சரிசெய்தார்கள்.

தயங்காமல் வாங்கலாம். தை மாதத்திலேயே ஆர்டர் கொடுங்கள், நூலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஆங்கர் போல்ட்டை ஹாலோ பிளாக் சுவரில் அல்லாமல் கான்கிரீட் பீமில் இறக்கச் சொல்லுங்கள்.