அரக்கோணம் ரயிலில் பொன்னியின் செல்வன்

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்தெடுத்து, வரிசை பிசகாமல் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்துவைத்த பெரியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். அந்தக் கனத்த புத்தகங்களைக் கோடை விடுமுறையில் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் காஞ்சியும் தஞ்சையும் பழகிய ஊர்களாகிவிட்டன. வளர்ந்தபின் அங்கே போகிற பலர், மனத்தில் இருந்த மாளிகையைக் காணாமல் ஏமாந்து திரும்புகிறார்கள்.

கதையின் காட்சியைத் தேடுவதால் வரும் ஏமாற்றம் இது. கதாசிரியர் எதைப் படித்துவிட்டு எழுதினாரோ, அதைத் தேடிப் போய்ப் பாருங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னுக்கு விதையிட்ட கல்லும் செம்பும் தொண்டை நாட்டில் கிடைத்திருக்கின்றன. அந்தப் பயணத்தைத் தொடங்கத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்கிருந்து ரயில் போகிற வரிசையும் வரலாறு நடந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

திருத்தணி: பல்லவரின் அந்தி

விடியலில் 365 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலோர் அத்தோடு ஊர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அபராஜிதவர்மப் பல்லவனின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த சின்னஞ்சிறு கற்றளி அது. முதலில் பின்பக்கம் சென்று விமானத்தைப் பாருங்கள்; யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கும். அரசனே பாடிய வெண்பா ஒன்றும் இங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. நாவலில் திருப்புறம்பயம் பள்ளிப்படை அத்தியாயம் நினைவிருக்கிறதா? திருப்புறம்பயத்தில் நடந்த போரில் வென்ற பக்கத்துப் பல்லவன் இந்த அபராஜிதன்தான். அன்று அவனோடு சேர்ந்து போரிட்ட ஆதித்த சோழனே பின்னாளில் அவனைக் கொன்று தொண்டை நாட்டைக் கைப்பற்றினான். சோழர் கதையின் முன்கதை இந்தச் சின்னக் கோயிலில் நிற்கிறது.

தக்கோலம்: தோல்வியின் ஊர்

மின்சார ரயிலில் அரக்கோணம் வந்து, செங்கல்பட்டுத் தடத்தில் மாறினால் தக்கோலம். வண்டிகள் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். 949இல் இங்கே நடந்த போரில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழர் தோற்றார்கள். இளவரசன் ராஜாதித்தன் யானைமேலிருந்தபடியே உயிர்விட்டு, ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ ஆனான். அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனைப் புகழும் ஆதகூர்க் கல்வெட்டு பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர்க்களத்தைக் காட்டும் மதிலையோ அகழியையோ இங்கே தேடாதீர்கள். ஜலநாதேசுவரர் கோயிலில் உட்காருங்கள். ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு கொண்ட கோயில் இது. போருக்கு முன்பிருந்தே இருப்பது. நாவலின் முதல் அத்தியாயத்தை இங்கே திறந்து படியுங்கள். கதைநாயகன் வந்தியத்தேவன் வியந்து பார்க்கும் வீரநாராயண ஏரியை வெட்டுவித்தவன் இந்த ராஜாதித்தன்தான். ஏரியின் உற்சாகத்துக்குப் பின்னால் இருக்கும் துக்கம் அப்போது புரியும்.

காஞ்சி: போன பொன்னும் நின்ற கல்லும்

அதே தடத்தில் காஞ்சிபுரம். நாவலில் வந்தியத்தேவன் கொண்டுபோன ஓலை, சோழ மன்னர் சுந்தர சோழரை இங்குள்ள பொன்மாளிகைக்கு அழைத்த ஓலை. கல்வெட்டுகள் அந்த மன்னரைப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்கின்றன. அந்த மாளிகை இன்று இல்லை. அவர் காலத்திலேயே பழையதாகிவிட்டிருந்த கைலாசநாதர் கோயில் நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் கட்டியது. காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தைத் திருப்பித் தந்ததைக் கன்னடத்தில் பொறித்துவிட்டுப் போனான். சுந்தர சோழரின் மகன் ராஜராஜன் இதைக் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’ என்றான். பிராகாரத்தின் சிற்றாலயங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்; தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் பார்த்து வியந்த கோயில் என்ற நினைப்போடு பாருங்கள்.

திருவாலங்காடு: தியாகத்தின் சாட்சி

அரக்கோணம் திரும்பி, சென்னை வண்டியில் ஏறுங்கள். திருவாலங்காட்டில் 1905இல் 31 செப்பேடுகள் கிடைத்தன. பழையனூர் என்னும் ஊரைக் கோயிலுக்கு ராஜேந்திர சோழன் கொடுத்ததைச் சொல்பவை அவை. மக்கள் வேண்டியும், சிற்றப்பன் ஆசைப்படும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று, பின்னாளில் ராஜராஜனான அருண்மொழி விலகியதை அவற்றின் வடமொழிப் பகுதி சொல்கிறது. நாவலின் ‘தியாக சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தின் முடிவு இந்த ஒரு செய்தியின் மேல் எழுந்தது. செப்பேடுகளைக் கோயிலில் காண முடியாது. ஆனால் அந்தச் செய்தி வெளிவந்த மண்ணில் நின்றுகொண்டு கடைசி அத்தியாயங்களை நினைத்துப் பார்ப்பது வேறு அனுபவம்.

கல்லைப் படிக்க

காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். எழுத்து எடுப்பாகத் தெரியும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்து ‘யாண்டு’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஆட்சியாண்டு அங்கே வரும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, பழகிவிடும். சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவாதீர்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஊருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கெல்லாம் தனியாகப் போவதே நல்லது. ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க அரைமணி ஆகும். கூட வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். வந்தியத்தேவனும் தனியாகத்தான் குதிரையேறினான். துணை கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாமல் முதல்முறை தனியாகப் போய்வாருங்கள். அடுத்த முறை, நாவலைப் பாதி படித்திருக்கும் ஒரு பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.